பொத்தான் சேராத சட்டை

நான் எழுதிய தப்பான ரிப்போர்ட்களில் இன்றும் உறுத்துவது ஒரு லாரி டிரைவருடையது. வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் எக்கோ அறைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு கெட்டுப்போனவர்கள். ருமாட்டிக் வால்வைத் திரையில் ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. முன் இதழ் நடுவில் வளைந்து ஹாக்கி மட்டை மாதிரி நிற்கும். டிரைவருடைய முன் இதழும் வளைந்துதான் நின்றது. கலர் போட்டேன். கீழறையிலிருந்து மேலறைக்கு ரத்தம் பின்னோக்கிப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. ‘ருமாட்டிக் மைட்ரல், நடுத்தரக் கசிவு’ என்று எழுதி டாக்டர் மேசையில் வைத்துவிட்டேன். அந்த வருஷம் அந்த வரியை எத்தனை தடவை எழுதியிருப்பேனோ, கை தானாக எழுதியது.

அப்போது படத்தை வி.எச்.எஸ். டேப்பில்தான் பதிவோம். டாக்டர் டேப்பை ஓட்டிப் பார்த்தார். திருப்பி ஓட்டினார்.

“ஏம்மா, இதழ் எப்போ வளையுது? திறக்கும்போதா, மூடும்போதா?”

நான் பார்த்திருக்கவில்லை. மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். மூடும்போது.

“நுனி தடிச்சிருக்கா?”

“இல்ல சார்.”

“அப்போ வால்வை விடு. சுவரைப் பாரு.”

பார்த்தேன். இடது கீழறையின் சுவர் ஒவ்வொரு துடிப்புக்கும் தடித்து உள்ளே வர வேண்டும். மற்ற பக்கமெல்லாம் வந்தது. அடிச்சுவர் மட்டும் களிமண் பூசியது போல அப்படியே கிடந்தது. வெளியே போய் டிரைவரைக் கேட்டேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் லோடு ஏற்றிப் போகும்போது நெஞ்சு அடைத்ததாம், வேர்த்துக் கொட்டியதாம். “வாயுன்னு நெனச்சு ஒரு சோடா குடிச்சிட்டு வண்டிய எடுத்துட்டேன் தாயி.” சோடாவோடு தாண்டிப்போனது ஹார்ட் அட்டாக். அவருக்கு வால்வில் நோயே கிடையாது. கசிவு மட்டும் வால்வில்.

மைட்ரல் என்ற பெயர் வெசாலியஸ் காலத்தது. பிஷப் அணியும் மைட்டர் தொப்பியின் இரு மடல்களைப் போல இருப்பதால் வந்தது. மடல்கள் பெயரில் ஏறிவிட்டன, அவற்றுக்குக் கீழே இருப்பவை ஏறவில்லை. எனக்கு அந்தப் பெயர் மேல் இதனாலேயே ஒரு மனக்குறை உண்டு. இரண்டு இதழ்களின் ஓரத்திலிருந்தும் அடிவயிற்றிலிருந்தும் வெள்ளை நூல் போல நாண்கள் இறங்கும். அவை இரண்டு பாப்பில்லரி தசைகளில் போய் முடியும். அந்தத் தசைகள் கீழறைச் சுவரிலிருந்து விரல் மாதிரி எழும்பி நிற்பவை. ஆக, சுவரும் வால்வில் சேர்த்திதான். சுவர் நகர்ந்தால் தசை நகரும், தசை நகர்ந்தால் நாண் இழுக்கும், நாண் இழுத்தால் இதழ் மேலே வந்து சேராது.

இதை நோயாளிக்கு எப்படிச் சொல்வது? டிரைவருக்கு நல்ல தொந்தி. “அண்ணே, சட்டை நல்லாத்தான் இருக்கு. தொந்தி போட்டுருச்சு. பொத்தான் எப்படிச் சேரும்?” என்றேன். தன் வயிற்றைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து எல்லோருக்கும் இதே சட்டைக் கதைதான். சட்டையில் பொத்தான் பட்டி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது போல, நல்ல வால்வில் இரண்டு இதழ்களும் மூடும்போது சில மில்லிமீட்டர் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். வாயின் பரப்பைவிட இதழ்களின் மொத்தப் பரப்பு தாராளமாகவே இருக்கிறது. அந்த உபரி இருக்கும்வரை கீழறை கொஞ்சம் பெருத்தாலும் கசியாது. இதழ்களே இழுப்புக்கு ஈடுகொடுத்து ஓரளவு வளரவும் செய்யும். உபரி தீர்ந்த பிறகுதான் கசிவு.

ஆனால் சட்டைக் கதையில் ஒரு ஓட்டை இருக்கிறது. சட்டையைக் கீழேயிருந்து யாரும் இழுப்பதில்லை. இந்த இடத்தில் பந்தலுக்குத் தாவ வேண்டும். பந்தல் துணி நன்றாக இருக்கும். கயிறு அறுந்திருக்காது. முளையை மட்டும் பிடுங்கி நாலு அடி தள்ளி அடித்தால் துணி விறைத்து, இரண்டு துணி சேரும் இடம் வாய் பிளக்கும். இதயத்தில் நாலு அடி வேண்டாம், சில மில்லிமீட்டர் போதும். நல்ல கீழறை நீளவாக்கில் கூம்பி, துப்பாக்கித் தோட்டா வடிவத்தில் இருக்கும். நோயுற்றது பக்கவாட்டில் பெருத்துப் பெருத்து உருண்டையாகும். உருண்டையாக ஆக, முளைகளான பாப்பில்லரி தசைகள் வெளிப்பக்கமும் கீழ்ப்பக்கமும் நகரும்.

டிரைவரின் இதழ் ஏன் நடுவில் வளைந்தது என்பதற்கும் விடை இங்கேதான். ஓரத்து நாண்கள் இதழின் விளிம்பைப் பிடிப்பவை. இரண்டாம் வரிசை நாண்கள் முன் இதழின் வயிற்றைப் பிடிப்பவை, தடிப்பானவை. முளை நகர்ந்ததும் இவை வயிற்றைப் பிடித்து இழுக்க, இதழ் அங்கே மடங்குகிறது. படத்தில் கடற்காகத்தின் இறக்கை போலத் தெரியும். ருமாட்டிக்கில் இதழ்களின் ஓரங்கள் ஒட்டிக்கொள்வதால் திறக்கும்போது வளையும். இது இழுப்பினால் மூடும்போது வளைகிறது. உருவம் ஏறக்குறைய ஒன்றுதான், நேரம் வேறு. அதைத்தான் டாக்டர் கேட்டார்.

அடிச்சுவரில் மட்டும் அட்டாக் வந்தவருக்குப் பெரிய கசிவும், முன்சுவர் முழுக்கப் போனவருக்குச் சின்னக் கசிவும் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ‘பம்பிங்’ கணக்கில் பின்னவர்தான் மோசம். இரண்டு பாப்பில்லரி தசைகளில் முன்பக்கத்துக்கு இரண்டு ரத்தக் குழாய்களிலிருந்து ரத்தம் வரும். பின்பக்கத்துக்குப் பெரும்பாலும் ஒன்றுதான். அது நிற்கும் சுவர் அடிச்சுவர். அங்கே சின்ன இடம் செத்தாலும் முளை நகர்ந்துவிடும். இடம் சின்னது, பதவி பெரிது!

பாப்பில்லரி தசையே செயலிழப்பதால் கசிகிறது என்றுதான் வெகுநாள் நினைத்தார்கள். 1963இல் பர்ச்சும் அவர் கூட்டாளிகளும் எழுதியது அது. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது, பிடிக்க வேண்டியவன் பிடியை விட்டால் கசியத்தானே செய்யும்? ஆனால் 2001இல் செம்மறியாடுகளின் இதயத்தில் செய்த ஆய்வு ஒன்று கதையைத் திருப்பிப் போட்டது. சுவர் பெருத்துக் கசிந்துகொண்டிருந்த இதயத்தில் பாப்பில்லரி தசைக்கும் ரத்தத்தை நிறுத்தினார்கள். கசிவு கூடவில்லை, குறைந்தது! தசை தளர்ந்து நீண்டதால் நாணின் இழுப்பும் தளர்ந்தது. இதைப் படித்த அன்று, பழைய டேப்களில் சுருங்காத பாப்பில்லரி தசையோடு கசிவே இல்லாமல் இருந்தவர்களை நினைத்துப் பார்த்தேன். கண்ணெதிரே இருந்திருக்கிறது, நான்தான் விட்டிருக்கிறேன்.

இப்போது கொஞ்சம் அளவு. இதழ்கள் சேரும் புள்ளி, வால்வு வளையத்தின் மட்டத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது என்று ஒரு கோடு போட்டு அளப்போம். கூடாரத்தின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடாரம் தலைகீழாகத் தொங்குகிறது, அவ்வளவுதான். 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் வால்வின் வளையத்தில் ரிங் வைத்துத் தைத்தாலும் கசிவு நிற்காது என்று சர்ஜன்கள் முகம் சுளிப்பார்கள். இந்த ஒரு கோட்டைப் போடாமல் வரும் எக்கோ ரிப்போர்ட் என்னைப் பொறுத்தவரை பாதி ரிப்போர்ட்.

கசிவு எவ்வளவு என்று அளப்பது இதைவிடச் சங்கடம். தொட்டி ஓட்டையை நோக்கி நாலாபக்கத்திலிருந்தும் தண்ணீர் குவிந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். கலர் டாப்ளரில் கசிவு வாயை நோக்கி ரத்தம் அப்படித்தான் அரைக்கோளமாகக் குவியும். அந்த அரைக்கோளத்தின் ஆரத்தை அளந்து ஓட்டையின் பரப்பைக் கணக்கிடுகிறோம். ஓட்டை வட்டமாக இருந்தால் சரி. ஆனால் இழுப்பினால் வரும் கசிவில் ஓட்டை வட்டமாக இருப்பதில்லை. இதழ்கள் சேரும் கோடு நெடுகப் பிறை போல வாய் பிளந்திருக்கும். பிறையை வட்டமாகக் கணக்குப் போட்டால் குறைத்துத்தான் வரும்.

போதாக்குறைக்கு ஓட்டை ஒரே துடிப்புக்குள் மாறிக்கொண்டே இருக்கும். கீழறை சுருங்கத் தொடங்கும்போது பெரிது. நடுவில் அழுத்தம் உச்சத்துக்குப் போகும்போது அந்த அழுத்தமே இதழ்களைத் தள்ளி மூடுவதால் சிறிது. கடைசியில் மறுபடி பெரிது. திரையில் கசிவு இரண்டு மூச்சாக வரும். எந்த மூச்சில் படத்தை நிறுத்தி அளக்கிறோமோ அதற்குத் தக்கபடி எண் வரும். அமெரிக்க வழிகாட்டுதல் 2014இல் இந்த வகைக் கசிவுக்கு ஓட்டை 0.2 சதுர சென்டிமீட்டர் இருந்தாலே தீவிரம் என்றது. 2017இல் 0.4 ஆக்கியது. முதல் வருஷம் தீவிரம் என்று நான் எழுதியவர் அதே இதயத்தோடு பிறகு வந்தபோது நடுத்தரம் ஆனார். “குறைஞ்சிருக்காம்மா?” என்று சந்தோஷமாகக் கேட்டார். என்ன சொல்வது?

ஸ்டெதாஸ்கோப்பை நம்பவும் முடியாது. பலவீனமான கீழறை தள்ளும் கசிவுக்குச் சத்தம் கம்மி. நல்ல கசிவு, காதில் ஒன்றுமே இல்லை என்று அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர்.

ஆபரேஷன் தியேட்டரில் ஒருமுறை எனக்கு நடந்தது இது. பைபாஸ் செய்யும்போது வால்வையும் சேர்த்துச் சரிசெய்வதாகத் திட்டம். முந்தின நாள் நான் எடுத்த எக்கோவில் கசிவு தீவிரம். மயக்கம் கொடுத்து, உணவுக்குழாய் வழியே புரோபை இறக்கிப் பார்த்தால் கசிவு ஒரு கீற்று. சர்ஜன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. “நேத்து யாரு எக்கோ எடுத்தது?” நான்தான் என்றேன். மயக்க மருந்தில் ரத்த அழுத்தம் 90க்கு இறங்கியிருந்தது. கீழறைக்குத் தள்ள வேண்டிய பாரம் குறைந்து அது சுருங்கியிருந்தது. முளைகள் அருகே வந்துவிட்டன. மயக்க டாக்டர்தான் என்னைக் காப்பாற்றினார். “கொஞ்சம் பொறுங்க சார்” என்று ஃபினைலெஃப்ரின் கொடுத்து அழுத்தத்தை 130க்குக் கொண்டுவந்தார். எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். கீற்று நாக்கானது. நாக்கு நீண்டு மேலறையின் பின்சுவரைத் தொட்டது. சர்ஜன் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டி ரிங் அளவைக் கேட்டார்.

ரிங் பற்றிச் சொல்ல வேண்டும். பாரிஸில் அலெய்ன் கார்ப்பென்டியர் 1960களின் கடைசியில் கொண்டுவந்தது. வால்வின் வளையத்தைச் சுற்றி ஒரு ரிங்கைத் தைத்து வாயைச் சுருக்கி இதழ்களைச் சேர்ப்பது. கசிவை இதழின் அசைவை வைத்து மூன்று வகையாகப் பிரித்தவரும் அவரே: அசைவு சரியாக இருப்பது, அதிகமாக இருப்பது, கட்டுப்பட்டிருப்பது. நாம் பேசுவது மூன்றாவதின் ஒரு பிரிவு. இதற்குச் சின்ன ரிங்காகப் போட்டு இறுக்குவது வழக்கமானது. தொந்தி அப்படியே இருக்கப் பொத்தானை மட்டும் இறுக்கிப் போட்டால் என்ன ஆகும்? 2014இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு 251 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரிங், ஒரு பாதிக்குப் புது வால்வு வைத்தது. ஒரு வருஷத்தில் ரிங் வைத்தவர்களில் 32.6 சதவீதம் பேருக்கு நடுத்தரமோ அதற்கு மேலோ கசிவு திரும்ப வந்தது. புது வால்வில் 2.3 சதவீதம்தான். ஆனாலும் இரண்டு பக்கமும் கீழறையின் அளவிலோ உயிர் பிழைத்ததிலோ சொல்லும்படி வித்தியாசம் இல்லை. கதவை மாற்றியும் சுவர் அப்படியேதான் நின்றது.

சுவரையே வெட்டிச் சின்னதாக்கலாம் என்றும் ஒருவர் துணிந்தார். பிரேசிலில் ராண்டாஸ் பாத்திஸ்தா, 1990களில். பெருத்த கீழறையில் ஒரு கீற்றை வெட்டி எடுத்துத் தைத்துவிடுவார். கணக்குச் சரி: ஆரம் குறைந்தால் சுவரின் இழுவிசை குறையும் என்று லாப்லாஸ் விதி சொல்கிறது. உலகமே பரபரத்துப் போய்ப் பார்த்தது. இதயம் கணக்கை மதிக்கவில்லை, கொஞ்ச நாளில் கைவிட்டார்கள்.

இந்த இடத்தில் வால்வின் வளையத்தைப் பற்றி ஒரு பழைய கோபம். வளையம் தட்டையான வளையல் இல்லை. பொரித்த அப்பளம் மாதிரி இரண்டு பக்கம் தூக்கி, இரண்டு பக்கம் தாழ்ந்திருக்கும். ராபர்ட் லெவைன் குழு 1980களின் பிற்பாதியில் இதைக் காட்டியது. நாலு அறையும் தெரியும் கோணத்தில் நாம் வெட்டுவது தாழ்ந்த பக்கத்தை. தாழ்ந்த இரண்டு புள்ளிகளுக்குக் கோடு போட்டால், நல்ல இதழே கோட்டுக்கு மேலே பிதுங்குவது போலத் தெரியும். உடனே ‘ப்ரோலாப்ஸ்’ என்று எழுதிவிடுவார்கள். ஒரு பெண்ணின் சம்பந்தம் இந்த ஒரு வார்த்தையால் நின்று போனது. வேறோர் ஊரில் எடுத்த எக்கோ. அவள் அம்மா ரிப்போர்ட்டை மஞ்சள் பைக்குள் சுருட்டிக்கொண்டு வந்தாள். நான் நெட்டுவாக்கில் பார்த்தேன், பிதுக்கம் இல்லை. டாக்டரும் பார்த்தார், இல்லை என்று கையெழுத்துப் போட்டார். சம்பந்தம் திரும்பவில்லை. இதயம் பெருக்கும்போது இந்த அப்பளமும் தட்டையாகி விரிகிறது. அதுவும் இழுப்போடு சேர்ந்துகொள்கிறது. மேலறை நாள்பட்டுத் துடிப்புத் தவறி விரிந்தவர்களுக்கு, கீழறை நன்றாக இருந்தும் வளையம் மட்டும் விரிந்து கசிவதும் உண்டு.

பெருத்த இதயம்தான் கசியும் என்றும் இல்லை. நடுச்சுவர் மரபுக் கோளாறால் தடித்து, கீழறை குறுகிப்போன இளவட்டங்கள் வருவார்கள். அங்கே வடிவம் எதிர்ப்பக்கமாகக் கெடுகிறது. முன் இதழ் ரத்தம் வெளியேறும் பாதைக்குள் இழுபட்டுப் போய்ச் சுவரில் ஒட்டும், பின்னால் கசியும். மூச்சைப் பிடித்து முக்கச் சொன்னால் கீழறை இன்னும் சுருங்கும், கசிவு கூடும். பெருத்த இதயத்தில் கீழறை சுருங்கினால் கசிவு குறையும், இங்கே கூடும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதை ஒரே நாளில் சொல்லக் கூடாது, குழம்பிவிடுவார்கள்.

2018இல் இரண்டு பெரிய ஆய்வுகள் ஒரு மாத இடைவெளியில் வந்தன. தொடை வழியாகக் குழாய் விட்டு, இரண்டு இதழ்களையும் நடுவில் சேர்த்துப் பிடிக்கும் கிளிப். மிலானில் ஒட்டாவியோ அல்ஃபியேரி போட்ட ஒற்றைத் தையல்தான் அதற்கு மூலம். பிரான்சு ஆய்வில் 304 பேர், கிளிப்பால் பயன் இல்லை. அமெரிக்க ஆய்வில் 614 பேர், இரண்டு வருஷத்தில் இறந்தவர்கள் 46.1 சதவீதத்திலிருந்து 29.1 ஆகக் குறைந்தது. டாக்டர்கள் கான்ஃபரன்சில் அடித்துக்கொண்டார்கள். எனக்கு அந்த அட்டவணைகளில் கண்ணில் பட்டது கீழறையின் அளவு. பிரான்சில் சேர்ந்தவர்களின் கீழறை பெரிது, ஓட்டை சிறிது. அமெரிக்காவில் கீழறை அவ்வளவு பெரிதில்லை, ஓட்டை பெரிது. தொந்திக்கேற்ற இடைவெளியா, அதற்கும் மிஞ்சிய இடைவெளியா என்று கேட்க வேண்டும். பிறகு சிலர் அதைக் கணக்காகவே எழுதினார்கள். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. திரையின் முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

நான் பார்த்ததிலேயே மறக்க முடியாதது கத்தியும் கிளிப்பும் இல்லாதது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். இடது பக்க மின்பாதை அடைபட்டு, நடுச்சுவர் முன்னால் சுருங்கும், பக்கச்சுவர் பின்னால் சுருங்கும். இரண்டு பாப்பில்லரி தசைகளும் ஒரே நேரத்தில் இழுக்காததால் இதழ்கள் தாளம் தப்பிச் சேர்ந்தன. அவருக்கு மூன்று கம்பி வைத்த பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தது. பரிசோதனைக்காக அதைச் சற்று நேரம் நிறுத்தி வைக்க, நான் புரோபைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். சில துடிப்புகளுக்குள் மேலறையில் கலர் பெருகியது. “ஆன் பண்ணுங்க” என்றார் டாக்டர். அடுத்தடுத்த துடிப்பில் அது வற்றிக்கொண்டே போனது. இதழில் ஒருவர் கையும் படவில்லை. வாத்தியார் தலையைத் திருப்பி, “என்னம்மா, விளக்கு போட்டு அணைக்கிற மாதிரி இருக்கு” என்றார். நான் சொல்ல நினைத்ததை அவரே சொல்லிவிட்டார்.

டிரைவருக்கு அந்த நாளில் கிளிப்பெல்லாம் கிடையாது. ரத்தக் குழாயைச் சரிசெய்து, அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பினார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னோம். ஒன்றரை வருஷம் கழித்து வந்தார். கூடார உயரம் அளந்தேன், 11 மில்லிமீட்டராக இருந்தது 7 ஆகியிருந்தது. கீழறை பழைய வடிவத்துக்கு முழுதாகத் திரும்பவில்லை, ஆனால் உருண்டை குறைந்திருந்தது. கசிவு லேசாக. இந்தத் தடவை முதலில் சுவரை எழுதினேன், பிறகு இதழை, கடைசியில் கசிவை. அவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டே, லாரியை விற்றுவிட்டதாகவும் மருமகன் வீட்டில் உப்பில்லாத ரசம் குடித்துக் குடித்து நாக்கு செத்துவிட்டதாகவும் சொன்னார். தொந்தி அப்படியேதான் இருந்தது. கடைசிப் பொத்தான் அன்றைக்கும் சேரவில்லை.